சுவரை வெட்டுவதா, அலையை நம்புவதா: டிஜிட்டல் வாழ்க்கைக்கு வீட்டைத் தயார் செய்யும் வழிகள்

மாடி அறையில் முக்கியமான ஓர் அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். பாதிப் பேச்சில் என் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. அதே நேரம் கீழே கூடத்தில் தொலைக்காட்சியில் படம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளே இணைப்பின் வேகத்தை இரண்டு மடங்காக்கச் சொல்லிப் பணம் கட்டினேன். கூடத்தில் வேகம் கூடியது; மாடியில் ஒன்றும் மாறவில்லை. வாசல்வரை வருகிற இணையம் வேறு, வீட்டுக்குள் அது பரவுகிற விதம் வேறு என்பது அப்போதுதான் புரிந்தது.

இந்தக் குழப்பம் பலருக்கும் இருப்பதால் முதலில் ஒரு சின்னக் கணக்கு. தெளிவான ஒரு வீடியோ அழைப்புக்குப் போகிற திசையிலும் வருகிற திசையிலும் நொடிக்கு 3 முதல் 4 மெகாபிட் போதும். 4கே தரத்தில் ஒரு படம் பார்க்க 15 முதல் 25 மெகாபிட் வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு பேர் அழைப்பிலும் இரண்டு பேர் படத்திலும் இருந்தால்கூட 60 மெகாபிட்டைத் தாண்டுவது அரிது. வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் அப்லோட் வேகம் மட்டும் மிகக் குறைவாக இல்லையென்றால், 100 மெகாபிட் இணைப்பே ஒரு குடும்பத்துக்குத் தாராளம். உங்கள் வீட்டில் சிக்கல் எங்கே என்று அறிய, கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து வேகத்தைப் பாருங்கள். பிறகு அதே கணினியை ஒவ்வோர் அறைக்கும் எடுத்துப்போய் வைஃபையில் பாருங்கள். கேபிளில் 95, படுக்கையறையில் 8 என்று வந்தால், இணைய நிறுவனத்தை மாற்றுவதில் பயனில்லை. சரிசெய்ய வேண்டியது வீட்டைத்தான்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு: சுவருக்குள் கேபிள் இழுப்பது, மெஷ் வைஃபை வைப்பது, வீட்டில் ஏற்கெனவே ஓடும் கம்பிகளையே பயன்படுத்திக்கொள்வது. மூன்றையும் வெவ்வேறு காலங்களில் எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன். என் சாய்வு கேபிள் பக்கம்தான். ஆனால் அது எல்லோருக்கும் கைகூடும் வழி அல்ல என்பதும் தெரியும்.

கேபிள்

வீடு கட்டிக்கொண்டிருந்தாலோ, வேறு காரணத்துக்காகச் சுவரைப் பூசப்போகிறீர்கள் என்றாலோ, யோசிக்கவே வேண்டாம். இந்தக் கேபிள்களில் தரவை அனுப்பும் ஈத்தர்நெட் முறை 1973-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. இத்தனை ஆண்டுகளில் வேகம் எத்தனையோ மடங்கு ஏறிவிட்டது. ஆனாலும் நன்றாகப் போடப்பட்ட பழைய கேபிள்கள் பல இன்றும் உழைக்கின்றன. கேட் 5இ வகைக் கேபிள் 100 மீட்டர் தூரத்துக்கு நொடிக்கு 1 கிகாபிட் (1000 மெகாபிட்) கொண்டுசெல்லும். கேட் 6 அதே தூரத்துக்கு 1 கிகாபிட்டும், 55 மீட்டருக்குள் என்றால் 10 கிகாபிட்டும் தரும். கேட் 6ஏ முழு 100 மீட்டருக்கும் 10 கிகாபிட் தரும். ஆனால் அது தடிமனானது, வளைந்துகொடுக்காது, சுவிட்ச் பெட்டிக்குள் மடக்கி வைக்கப் பாடு படவேண்டும். சாதாரண வீட்டில் எந்த இழுவையும் 55 மீட்டரைத் தொடாது. ஆகவே கேட் 6 வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்றுக்குப் பதில் இரண்டு கேபிள் இழுத்துவிடுங்கள். ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கும்.

கேபிள் வாங்கும்போது கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் உலோகம். அலுமினியக் கம்பியின்மேல் மெல்லிய செம்புப் பூச்சுக் கொடுத்த கேபிள்கள் நிறைய விற்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். செம்பைவிட அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவதில் பின்தங்கியது, மடக்கினால் எளிதில் ஒடியும். தரவோடு மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பும்போது கூடுதலாகச் சூடாகவும் செய்யும். சுவருக்குள் புதைத்த பிறகு இந்தத் தவறைத் திருத்த வழியில்லை.

கேபிளை நேரடியாகச் சுவரில் புதைக்காதீர்கள், பைப்புக்குள் விடுங்கள். நாளை வேறு கேபிளோ கண்ணாடி இழையோ வேண்டுமென்றால் பழையதை உருவிவிட்டுப் புதியதை இழுத்துக்கொள்ளலாம். பைப்பை நிறைத்து அடைக்காமல் பாதிக்கு மேல் இடம் விடுவது நல்லது. மின்சாரக் கம்பி போகும் பைப்பிலேயே இதையும் நுழைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாதுகாப்புக்கும் சரி, சிக்னலுக்கும் சரி, தனிப் பைப்தான் முறை. இரண்டும் பக்கத்தில் ஓடவேண்டி வந்தால் ஒரு சாணாவது தள்ளி ஓடட்டும். குறுக்கே வெட்டும் இடத்தில் செங்குத்தாக வெட்டட்டும். பூச்சுவேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்தபடி, படம் எடுத்து வையுங்கள். பல ஆண்டு கழித்து ஒரு ஆணி அடிக்கும்போது அந்தப் படங்களின் அருமை தெரியும்.

எங்கெல்லாம் கேபிள் போகவேண்டும்? தொலைக்காட்சிக்குப் பின்னால், வேலை மேசைக்கு, வாசலில் கேமரா வரும் இடத்துக்கு. எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொரு தளத்திலும் கூரையின் நடுப்பகுதிக்கு. அந்தக் கூரைக் கேபிளின் முனையில் வைஃபை அலையைப் பரப்பும் ஒரு அக்சஸ் பாயின்ட் பொருத்தினால், அந்தத் தளம் முழுவதற்கும் வைஃபை மேலிருந்து இறங்கும். இதற்குத் தனியாக மின்சாரப் பாயின்ட் தேவையில்லை. பவர் ஓவர் ஈத்தர்நெட் என்ற முறையில் அதே கேபிளிலேயே மின்சாரமும் போகும். 2003-ல் வந்த அதன் முதல் தரநிலை 15.4 வாட்வரை அனுப்பியது. 2009-ல் வந்தது 30 வாட்வரை அனுப்புகிறது. வீட்டுக் கேமராவுக்கும் அக்சஸ் பாயின்ட்டுக்கும் இது போதும். இதன் இன்னொரு நன்மையை மின்தடை பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

குறை என்ன? காடி வெட்டும் தூசி, சத்தம், செலவு. குடியிருக்கும் வீட்டில் ஒரு வாரம் நிம்மதி போய்விடும். வாடகை வீடென்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மெஷ் வைஃபை

இரண்டு மூன்று பெட்டிகளை வெவ்வேறு அறைகளில் வைத்தால், அவை ஒன்றோடொன்று பேசி வீடு முழுவதும் ஒரே பெயரில் வைஃபை தரும். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வீடு மாறினால் கையோடு எடுத்துப்போகலாம். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் விளம்பரம் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. முதல் பெட்டியிடமிருந்து வாங்கி அடுத்ததுக்குக் கொடுக்கும் நடுப்பெட்டி, கேட்பதற்கும் பேசுவதற்கும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். இதைத் தவிர்க்கத்தான் மூன்று அலைவரிசைப் பெட்டிகள் வந்தன. அவற்றில் ஓர் அலைவரிசை, பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒதுக்கப்பட்டிருக்கும். மெஷ் வாங்குவதென்றால் அந்த வகையையே வாங்குங்கள். இரண்டு அலைவரிசை உள்ளதை வாங்கிவிட்டுப் பிறகு வருந்தியவர்களில் நானும் ஒருவன்.

அடுத்தது, வைக்கும் இடம். சிக்னல் செத்துக்கிடக்கும் அறைக்குள்ளேயே இரண்டாவது பெட்டியைக் கொண்டுபோய் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அந்த அறையில் அதற்கே சிக்னல் கிடைக்காதபோது அது எதைப் பகிர்ந்து தரும்? முதல் பெட்டிக்கும் அந்த அறைக்கும் நடுவழியில் வைக்க வேண்டும். நிலைக்கண்ணாடி, இரும்பு அலமாரி, தண்ணீர்த் தொட்டி, கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஆகிய நான்கும் அலையைத் தடுப்பதில் பெரியவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டிப் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அடுக்குமாடியில் எல்லா வீட்டுக்காரர்களும் அந்த மூன்றையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே பக்கத்தில்தான் இரைகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். ஒரு கனத்த சுவருக்குப் பின் சோர்ந்துவிடும். 6 கிகாஹெர்ட்ஸ் இன்னும் சீக்கிரம் சோரும்.

புதிய தலைமுறைக்குக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வைஃபை 6 சான்றளிப்பு 2019-ல் தொடங்கியது, வைஃபை 7-க்கு 2024 ஜனவரியில். வைஃபை 6-இன் உண்மையான வலிமை, பல கருவிகளை ஒரே நேரத்தில் கவனிப்பது. முப்பது நாற்பது கருவிகள் உள்ள இன்றைய வீட்டுக்கு அது பயன்படும். வைஃபை 7-இன் கூடுதல் வேகம், உங்கள் போனும் கணினியும் அதே தலைமுறையாக இருந்தால்தான் கிடைக்கும். இப்போதைக்கு வைஃபை 6 போதும் என்பது என் கருத்து. பெட்டியை ஐந்தாறு ஆண்டில் எப்படியும் மாற்றத்தான் போகிறோம்.

இருக்கும் கம்பிகள்

மின்கம்பி வழியாகவே தரவை அனுப்பும் பவர்லைன் அடாப்டர்கள் உண்டு. மின்கம்பியில் கட்டளை அனுப்பும் யோசனை பழையதுதான். 1975-லேயே ஸ்காட்லாந்தின் பைக்கோ எலெக்ட்ரானிக்ஸ் எக்ஸ்10 என்ற முறையை உருவாக்கி, விளக்கை அணைக்கவும் ஏற்றவும் பயன்படுத்தியது. இன்றைய அடாப்டர்களின் அட்டையில் போட்டிருக்கும் வேகத்தில் ஒரு பங்குதான் கைக்கு வரும். இரண்டு அறைகளும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் அதுவும் குறையும். மோட்டார் ஓடும்போது தடுமாறும். திடீர் மின்னழுத்த ஏற்றத்திலிருந்து காக்கும் சர்ஜ் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் அந்தப் பெட்டியே சிக்னலை வடிகட்டிவிடும். திருப்பித் தர முடியும் என்ற உறுதியோடு வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

கோஆக்சியல் டிவி கேபிள் அறைக்கு அறை ஓடியிருக்கும் வீடுகளுக்கு நிலைமை வேறு. மோகா 2.5 என்ற தரநிலை அந்தக் கேபிளில் நொடிக்கு 2.5 கிகாபிட்வரை அனுப்பும். சிக்னல் வெளியே கசியாமலிருக்க, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வடிகட்டி போடவேண்டும். சுவரைத் தொடாமல் கேபிளுக்கு இணையான தரம் கிடைக்கும் வழி இது.

ஆக, எதை எடுப்பது? புது வீடு என்றால் எல்லா அறைக்கும் கேபிள். வாடகை வீடு என்றால் மூன்று அலைவரிசை மெஷ். சொந்த வீடு, ஆனால் இப்போது பூச்சுவேலை இல்லை என்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு நான் சொல்வது, ஒரே ஒரு கேபிள். ரவுட்டர் இருக்கும் இடத்திலிருந்து வீட்டின் எதிர்முனைக்கு, அல்லது மாடிக்கு, வெளிச்சுவர் வழியாகவோ சுவரோரம் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டைக்குள்ளோ ஒரு கேபிளைக் கொண்டுபோய், அதன் முனையில் இரண்டாவது மெஷ் பெட்டியை இணையுங்கள். பெட்டிகளுக்கு இடையிலான பேச்சு கேபிளில் போய்விடும். அலைவரிசை முழுவதும் உங்கள் கருவிகளுக்கே மிஞ்சும். வெளியே போகும் கேபிள் வெயிலைத் தாங்கும் உறை கொண்டதாக இருக்கட்டும். எங்கள் வீட்டு மாடிச் சிக்கலை முடித்துவைத்தது 18 மீட்டர் நீளமுள்ள இப்படி ஒரு கேபிள்தான்.

விளக்கு: பல்பில் அறிவா, சுவிட்சில் அறிவா?

இணைய வழி சரியான பிறகு ஆசை விளக்குகள் பக்கம் போகும். ஸ்மார்ட் பல்பு மலிவு, மாட்டுவது எளிது, நிறம்கூட மாற்றலாம். நானும் ஆறு பல்பு மாட்டினேன். அம்மா வழக்கப்படி இரவில் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார். மின்சாரமே போகாத பல்பு எந்தக் கட்டளையைக் கேட்கும்? காலையில் நான் போனில் தட்டிக்கொண்டிருப்பேன், அது இருண்டு கிடக்கும். "சுவிட்சைத் தொடாதீங்கம்மா, போன்லயே அணைக்கலாம்" என்று சொன்னேன். "ஒரு விளக்கணைக்கிறதுக்கு நான் கண்ணாடியைத் தேடி, போனைத் தேடணுமாப்பா?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. எழுபது வயதில் அவர் கை இருட்டிலும் சரியாகப் போய்ச் சேரும் இடம் அந்தச் சுவிட்ச். அதை அவரிடமிருந்து பறிக்கும் எந்த ஏற்பாடும் வீட்டை மேம்படுத்தவில்லை என்று முடிவு செய்தேன். பல்புகளைக் கழற்றிவிட்டேன்.

அதற்குப் பதில் சுவிட்சுக்குப் பின்னால், பெட்டிக்குள் மறைந்திருக்கும் சின்ன ரிலே, அதாவது கட்டளை கேட்டு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கருவி, பொருத்தினோம். சுவிட்ச் பழைய சுவிட்சாகவே இருக்கிறது, போனிலிருந்தும் இயங்குகிறது. இரண்டில் எது கடைசியாகச் சொன்னதோ அதன்படி விளக்கு நடக்கும். ஸ்மார்ட் சுவிட்சையே மாற்றிவைப்பது மூன்றாவது வழி. இந்த இரண்டுக்கும் முன் பார்க்க வேண்டியது, சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் கம்பி இருக்கிறதா என்பது. பல வீடுகளில் சுவிட்சுக்கு ஃபேஸ் மட்டும்தான் வரும். நியூட்ரல் நேரே விளக்குக்குப் போய்விடும். உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று எப்போதும் விழித்திருக்க மின்சாரம் வேண்டுமல்லவா? நியூட்ரல் இல்லாமல் இயங்கும் வகைகள் விளக்கின் வழியாகவே ஒரு துளி மின்சாரத்தைக் கசியவிட்டு விழித்திருக்கும். குறைந்த வாட் எல்இடி பல்புகள் அந்தக் கசிவில் அணைத்த பிறகும் மினுக்கும். புதிதாக ஒயரிங் செய்பவர்கள் எல்லாச் சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் கொண்டுவரவும், ஆழமான பெட்டி வைக்கவும் எலெக்ட்ரீஷியனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விளக்கு டிம்மரில் மின்விசிறியை இணைக்கக் கூடாது. மோட்டாருக்கென்று தனி வகை உண்டு. இந்த வேலை எதையும் மெயினை அணைக்காமல் தொடவேண்டாம்; பழக்கம் இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

பல்புக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு: மேசை விளக்கு, வாடகை வீட்டுப் படுக்கையறை போல, சுவர்ச் சுவிட்சை யாரும் அணைக்காத இடங்கள்.

எந்த மொழியில் பேசுவது?

கருவிகள் வைஃபையிலேயே பேசலாம், அல்லது ஜிக்பீ, இசட்வேவ், த்ரெட் போன்ற, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கம்பியில்லாச் சிறு வலைகளில் பேசலாம். வைஃபை கருவிக்கு நடுவில் வேறு பெட்டி தேவையில்லை; நான்கைந்து கருவிகளோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு அதுவே வசதி. கருவிகள் பெருகினாலோ, பேட்டரியில் ஓடும் சென்சார்கள் வேண்டுமென்றாலோ சிறு வலைகள்தான் பொருந்தும். ஜிக்பீயின் வேகம் நொடிக்கு வெறும் 250 கிலோபிட். "கதவு திறந்தது" என்று சொல்ல அது ஏராளம். அதனால்தான் ஒரு பொத்தான் பேட்டரியில் ஓராண்டுக்கு மேலும் தாங்குகிறது. மின்சாரத்தோடு நிரந்தரமாக இணைந்த கருவிகள் வழியில் செய்தியைக் கைமாற்றிவிடும். சுவிட்சை அணைத்தால் செத்துவிடும் ஸ்மார்ட் பல்பு அந்தச் சங்கிலியையும் அறுத்துவிடும். ரிலே பக்கம் நான் சாய்ந்ததற்கு இது இரண்டாவது காரணம்.

நிறுவனத்துக்கு ஒரு மொழி என்று இருந்த குழப்பத்தைத் தீர்க்க, மேட்டர் என்ற பொதுத் தரநிலை 2022 அக்டோபரில் வந்தது. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாரும் அதில் உண்டு. முதல் பதிப்பில் கேமராக்கள் இடம்பெறவில்லை. இன்று புதிதாக வாங்கினால் மேட்டர் முத்திரை உள்ளதைத் தேர்ந்தெடுப்பேன். அது வீட்டு வலைக்குள்ளேயே கட்டளையைக் கேட்கும்படி வடிவமைக்கப்பட்டது என்பதால்.

மூளை எங்கே இருக்க வேண்டும்?

என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையின் மிகப் பெரிய கேள்வி இது. விளக்கைப் போடச் சொன்னால், அந்தச் சொல் எங்கோ ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறதா, அல்லது வீட்டுக்குள்ளேயே முடிகிறதா?

சர்வர் வழியில் வேலை எளிது. செயலியை இறக்கி, கணக்குத் தொடங்கினால் முடிந்தது. வெளியூரில் இருந்தாலும் இயங்கும். ஆனால் அந்த நிறுவனம் கதவைச் சாத்தினால்? ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தை விலைக்கு வாங்கிய இன்னொரு நிறுவனம் 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய பெட்டிகள் வெறும் பிளாஸ்டிக் ஆயின. 2022 ஏப்ரலில் ஸ்மார்ட் வீட்டுக் கருவி நிறுவனமான இன்ஸ்டியானின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றன. அன்று அந்த வீடுகளில் செயலி வேலை செய்யவில்லை, ஆனால் சுவர்ச் சுவிட்சுகள் இயங்கின என்பதைக் கவனியுங்கள். பிறகு பயனர்கள் சிலரே அந்த நிறுவனத்தை வாங்கி சர்வர்களை உயிர்ப்பித்தார்கள். எல்லாக் கருவிக்கும் அப்படி ஒரு நல்ல விதி அமையாது.

வீட்டுக்குள்ளேயே மூளை வைப்பதற்கு, 2013-ல் பவுலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள் இன்று பலரின் தேர்வு. உள்ளங்கை அளவுக் கணினியிலேயே ஓடும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின், சேவைகளின் கருவிகளோடு பேசும். இணையம் போனாலும் விளக்கு எரியும், மோஷன் சென்சார் வேலை செய்யும். விலை, உங்கள் நேரம். புதுப்பிப்புகளைப் பார்க்க வேண்டும். எப்போதாவது ஒன்று உடையும், உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். இதில் ஆர்வமுள்ள ஒருவர் வீட்டில் இருந்தால்தான் இது சரிப்படும். அவர் ஒரு மாதம் வெளியூர் போனால் மற்றவர்கள் திண்டாடக் கூடாது என்பதும் கணக்கில் வேண்டும்.

நான் பிரித்துக்கொண்டது இப்படி: விளக்கு, கதவு, தண்ணீர்க் கசிவு எச்சரிக்கை ஆகியவை வீட்டுக்குள் முடியவேண்டும். பாட்டுப் போடுவது, வானிலை கேட்பது எல்லாம் சர்வருக்குப் போனால் பாதகமில்லை. உங்கள் வீட்டில் சோதித்துப் பார்க்க ஒரு வழி: ஒரு மாலை, வெளியிலிருந்து வரும் இணையக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எவை நின்றுபோகின்றனவோ அவற்றை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் பூட்டு வைத்திருந்தால், சாவி போடும் துளையும் அதில் இருக்க வேண்டும். அந்தச் சாவி வீட்டுக்கு வெளியே நம்பகமான ஒருவரிடமும் இருக்க வேண்டும்.

மின்சாரம் போனால்

டிஜிட்டல் வீட்டைப் பற்றிப் பேசுபவர்கள் இதைக் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மின்சாரம் நொடிப்பொழுது சிமிட்டினாலும் ரவுட்டர் அணைந்து, மீண்டும் எழுந்து நிலைக்கு வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அழைப்பில் இருப்பவருக்கு அது பெரிய நேரம்.

கண்ணாடி இழை மோடமும் ரவுட்டரும் சேர்ந்து 15 முதல் 25 வாட்வரை எடுக்கும். கணினிக்கான சாதாரண யுபிஎஸ்ஸில் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி இருக்கும்; பெருக்கினால் 84 வாட் மணி. மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்தால் 20 வாட் சுமையை இரண்டு இரண்டரை மணி நேரம் தாங்கலாம். ரவுட்டருக்கென்றே வரும் சிறிய டிசி யுபிஎஸ் இந்த இழப்பைத் தவிர்க்கிறது. பேட்டரியின் 12 வோல்ட்டை ஏசியாக மாற்றி, அடாப்டர் அதைத் திரும்ப 12 வோல்ட் ஆக்கும் வீண் சுற்று அதில் இல்லை. வாங்குமுன் உங்கள் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். 9 வோல்ட் கருவிக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது கருகக்கூடும்.

மெஷ் வீட்டில் ஒரு தொல்லை உண்டு: மூன்று அறையில் மூன்று பெட்டி என்றால் மூன்றுக்கும் யுபிஎஸ் வேண்டும். கேபிள் வீட்டில் எல்லாக் கேபிளுக்கும் தரவையும் மின்சாரத்தையும் பிரித்துக் கொடுக்கும் பவர் ஓவர் ஈத்தர்நெட் சுவிட்ச் என்ற பெட்டிக்கு ஒரே யுபிஎஸ் போதும். கூரையில் இருக்கும் அக்சஸ் பாயின்ட்டும் வாசல் கேமராவும் அதிலிருந்தே உயிர் வாழும். முன்பு சொன்ன அந்த இன்னொரு நன்மை இதுதான். மின்தடை அடிக்கடி வரும் இடத்தில் இருப்பவர்கள் கேபிளைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே காரணமாகலாம்.

படங்களும் ஆவணங்களும் எங்கே இருக்கட்டும் என்பதில் எனக்குப் பெரிய விவாதம் இல்லை. இணையச் சேமிப்பா, வீட்டு வலையில் இணைந்த சேமிப்புப் பெட்டியான நாஸா என்றால், ஒன்று போதாது என்பதே பதில். நாஸில் இரண்டு டிஸ்க்கில் ஒரே தரவு இருப்பது, ஒரு டிஸ்க் பழுதானால் காக்கும். தவறுதலாக அழித்தாலும் தீ பிடித்தாலும் காக்காது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற பழைய வழக்கத்தையே பின்பற்றுகிறேன்.

பாதுகாப்பில் மட்டும் சோம்பல் வேண்டாம். 2016-ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தியது. அந்த அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. பெட்டியைத் திறந்ததும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஸ்மார்ட் கருவிகளை, ரவுட்டரில் விருந்தினருக்கென இருக்கும் கெஸ்ட் நெட்வொர்க்கில் தனியே வையுங்கள். எத்தனை ஆண்டு புதுப்பிப்பு தருவார்கள் என்று சொல்லாத நிறுவனத்தின் கேமராவை வாங்காதீர்கள். கேமரா வாசலோடு நிற்கட்டும். கூடத்தில் வைப்பதென்றால், அங்கே உட்காரும் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு வையுங்கள். பெரியவர்களைக் கவனிக்க என்று வைப்பவர்களுக்கும் இது பொருந்தும். எங்கள் வீட்டில் அம்மா வேண்டாம் என்றார். படுக்கையறைக் கதவிலும் குளியலறைக் கதவிலும் திறப்பதை மட்டும் சொல்லும் சென்சார் போட்டோம். காலை எட்டு மணிவரை ஒரு கதவும் திறக்கவில்லையென்றால் என் போனுக்குச் செய்தி வரும். அதற்கு அவர் மனதார ஒப்புக்கொண்டார்.

செய்யும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வேகத்தை அறை அறையாக அளந்து எழுதுங்கள். பிறகு ரவுட்டரை வீட்டின் நடுப்பக்கம், ஆள் உயரத்துக்கு மேலே நகர்த்திப் பாருங்கள். பலருக்குச் சிக்கல் அங்கேயே குறைந்துவிடும். அடுத்து ஒரு கேபிள் அல்லது மெஷ். அதற்கடுத்து யுபிஎஸ். இவை ஒரு மாதம் அலுங்காமல் ஓடிய பிறகு ஒரே ஓர் அறையில் ரிலே. அந்த அறையில் இருப்பவர் குறை சொல்லாவிட்டால் மற்ற அறைகளுக்குப் போகலாம்.

எங்கள் வீட்டில் மோடம் இருக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்தக் கேபிள் எங்கே போகிறது, எந்தப் பெட்டியை எந்த வரிசையில் அணைத்துப் போடவேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். நான் வெளியூரில் இருந்த ஒரு நாள், அம்மா அதைப் பார்த்தே மோடத்தை அணைத்துப் போட்டு, இணைப்பு வந்துவிட்டது என்று வீடியோவிலேயே அழைத்துச் சொன்னார்.